மூடாக்கு என்றால் போர்வை இல்லை

கரூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். கொல்லிமலைக்கு மாற்றலாகி வாழவந்தி நாடு என்ற ஊரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது மனைவியும் மகளும் கீழேயே தங்கிவிட்டார்கள். வாடகை வீட்டின் பின்னால் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண் சும்மா கிடந்தது. அதில் தக்காளி வைப்பதென்று முடிவெடுத்தேன். செல்போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தோட்டச் சொற்களைப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதினேன். பரீட்சை வைத்திருந்தால் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

வீட்டுக்காரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். மரவள்ளியும் மிளகும் பயிரிடுபவர். நான் நாற்று நட்ட அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர், "வெயில் காயுதுங்க சார், மூடாக்குப் போட்டு உடுங்க" என்றார்.

என் நோட்டில் அந்தச் சொல் இல்லை. ஆனால் இதற்குக்கூடவா அர்த்தம் கேட்பது? பலா மரத்தடியில் கிடந்த சருகை இரண்டு சாக்கு அள்ளிவந்து மூடினேன். ஓர் இலை வெளியே தெரியவில்லை. அந்தத் திருப்தியோடு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது அவர் பாத்தியருகே நின்றிருந்தார்.

"செடியெல்லாம் எங்கீங்க சார்?"

"உள்ளேதான் இருக்குங்க."

"போர்வை போத்தித் தூங்க வெச்சுட்டீங்களா? மூடாக்கு வேருக்குங்க, தலைக்கு இல்லீங்க. ஈரம் காயாம இருக்கச் சுத்தி மட்டும் போடோணும்."

சருகை விலக்கினோம். பன்னிரண்டு நாற்றில் ஐந்து அழுகிப்போயிருந்தன. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவர் போய்த் தன் நாற்றங்காலிலிருந்து ஐந்து பிடுங்கி வந்து நட்டுக் கொடுத்தார்.

செடிகள் முழங்கால் உயரம் வந்ததும், "மண்ணு அணைச்சு உடுங்க சார்" என்றார். இந்த முறை எச்சரிக்கையாகக் கேட்டேன்.

"தண்ணி ஊத்தியா அணைக்கணும்?"

வேலியோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தீயா புடிச்சு எரியுது? தண்டைச் சுத்தி மண்ணைக் கூட்டி வெய்யுங்க, செடி சாயாது."

மறுநாள் டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி, "சார், தோட்டத்துல தீ அணைஞ்சுதுங்களா?" என்று விசாரித்தார். அலுவலகத்துக்குள் நுழைவதற்குள் அதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

எப்படியோ காய்த்தது. முதல் பறிப்பில் ஒன்பது பழம். அந்த வாரம் மனைவி மலைக்கு வந்திருந்தாள். அவளைத் தோட்டத்தில் நிறுத்தி மூடாக்கு, மண் அணைத்தல், நுனி கிள்ளுதல் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒன்பது தக்காளிக்கு இத்தனை வார்த்தையா?" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "இன்னும் பாதிதானுங்க ஆயிருக்குது. சாருக்குக் களை எதுன்னே இன்னும் காட்டலீங்க."