பெயர்ப்பலகைக்கு ஒரு வெல்டர், ஊஞ்சலுக்கு ஒரு வெல்டர்

புதுப்பட்டினத்தில் எங்கள் அடுக்ககச் சங்கத்தை நினைத்தாலே எனக்கு இன்னமும் குமட்டுகிறது. வெல்டிங்கைச் சோதிப்பது என் பிழைப்பு. எந்த வெல்டு விட்டுப்போனால் யார் உயிர் போகும் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வெல்டர், என்ன சோதனை என்று முடிவு செய்வோம். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை.

சங்கத்துக்கு இரண்டு வேலை வந்தது. வாசல் சுவரில் ஸ்டீல் பெயர்ப்பலகை. பின்பக்கம் குழந்தைகளுக்கு ஊஞ்சல். பலகைக்குத் தேர்வு பாஸான வெல்டர்தான் வேண்டும் என்று செயலாளர் ஒற்றைக்காலில் நின்றார். இன்ஜினியரிங் படித்து, பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம ஸ்டாண்டர்டு நாலு பேருக்குத் தெரியணும் மேடம்." விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்! நானும் பல்லிளித்துக்கொண்டு, ஒரு ஞாயிறு முழுக்க அந்தப் பலகையில் சிவப்புச் சாயம் தடவி விரிசல் தேடினேன். ஊஞ்சலை யார் செய்கிறார் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை, என் ஏழு வயது மகள் ஊஞ்சலில் ஏறப் போனாள். தற்செயலாக மேலே பார்த்தேன். கொக்கியைப் பற்றவைத்த இடத்தில் இரும்பு உருகிச் சேரவே இல்லை. எச்சில் துப்பியது போல மேலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மகளை இழுத்து நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிச் சுத்தியலால் ஒரே தட்டு. கொக்கி சங்கிலியோடு கீழே விழுந்தது.

செயலாளர் ஓடிவந்தார். "ஏன் மேடம் உடைச்சீங்க? நேத்துதான் பெயின்ட் அடிச்சோம்!"

பெயின்டாம்! எனக்கு வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை. ஊஞ்சலைச் செய்த கருங்குழி கிரில் பட்டறைக்காரர் அன்றைக்குக் கீழ்வீட்டு ஜன்னல் வேலையில் இருந்தார். சத்தம் கேட்டு அவரும் வந்துவிட்டார்.

"இன்னா சார் நீங்க? ஜன்னலு, கேட்டுன்னா ஒட்டுவேன், ஆளு ஏறி ஆட்றதுக்கு வேற ஆளப் பாருங்கன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லியா? நீங்கதானே, 'கொயந்திங்கதானேப்பா, இன்னா வெயிட்டு வரப்போவுது, சும்மா ஒட்டு'ன்னீங்க?"

"சின்னப் பசங்க ஆடுறதுதானே…" என்று இழுத்தார் செயலாளர்.

சீ, இதெல்லாம் ஒரு படிப்பு! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த வெல்டு இழுபடும் என்று தெரியாதவரா அவர்? நன்றாகத் தெரியும். பலகையை வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான், கொக்கியை அண்ணாந்து யார் பார்க்கப் போகிறார்கள்? அதையும் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பினால், மகள் உதட்டைப் பிதுக்கி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா உடைச்ச? காலைல நான்தான் ஃபர்ஸ்ட்டு ஆடினேன். நின்னுக்கிட்டே, ரொம்ப ஒசரமா ஆடினேன், தெரியுமா?"

நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரை என்னவெல்லாம் கேட்டேனோ, அத்தனையும் எனக்கும் பொருந்தும்.