கரையில் வைத்த நேர்த்தி

அன்று பதினோராம் வகுப்பில் நான் படிப்பித்தது ஒரு பழைய சிறுகதை. பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாக, வீட்டுப் பசுவைக் கோயிலுக்குத் தருவதாக ஒருவன் நேர்த்தி வைக்கிறான். காய்ச்சல் விட்டதும் பசு ஆடாகிறது, ஆடு சேவலாகிறது. கடைசியில் ஒரு தேங்காயோடு போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பலகையில் ‘முரண்நகை’ என்று எழுதினேன்.

“ரீச்சர், அவன் பொய்யனோ?” என்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

“இல்லை. பயந்து நிக்கேக்கை அவன் சொன்னது உண்மை. பயம் போக, ஆள் வேறை.”

நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு திருப்தி.

இரண்டு மணிக்கு உப்புவெளியிலுள்ள வீட்டுக்கு வந்தபோது அவர் திரும்பியிருக்கவில்லை. என் கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். திருத்தியதை ஓட்டிப் பார்க்க, படகுக்காரரோடு காலையில் புல்மோட்டைப் பக்கமாகப் போனவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றுதான் சொன்னார். போன் எடுத்தால் மணி போகவில்லை. மூன்று மணிக்குக் காற்று எழும்பியது. சோற்றை மூடி வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

“பயப்பிடாதேங்கோ ரீச்சர், எங்கையேன் ஒதுங்கியிருப்பினம்,” என்றார்கள் அங்கே நின்றவர்கள். சொல்லிக்கொண்டே இரண்டு படகுகளைத் தேடுவதற்குத் தள்ளினார்கள். அதைப் பார்த்ததும் நான் கடலை நோக்கிக் கை கூப்பினேன்.

‘அவரைக் கொண்டுவந்து விடு. நாளைக்கே மச்சாள் வீட்டு வாசலிலை போய் நிக்கிறன்’ என்று நேர்ந்தேன்.

மச்சாள் அவருடைய அக்கா. அன்புவழிபுரத்தில் இருக்கிறா. என் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டில், சாப்பாட்டில் உப்பில்லை என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னா. ஆரத்தி எடுக்கிற நேரம் நான் அவவைக் காணாததுபோல வேறொருவரைக் கூப்பிட்டேன். மூன்று வருடமாக எங்களுக்குள் கதை பேச்சில்லை.

நேர்ந்துவிட்டுத் திரும்பினால், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் அவவே நிற்கிறா. செருப்பு கையில், தலைமுடி கலைந்து. தம்பியல்லவா, யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னையும் பார்த்தா. இருபது அடி நடந்திருக்கலாம். ‘முதலில் அவர் வரட்டும். நாளைக்கு என்றுதானே நேர்ந்தேன்’ என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஐந்தரைக்குப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். நனைந்து விறைத்திருந்தாரே தவிர அவருக்கு ஒன்றுமில்லை. கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினேன். மச்சாள் மணலில் கால் புதைய எங்களை நோக்கி ஓடி வந்தா.

“எடுங்கோ தம்பி, ஆள் நடுங்குது,” என்றேன் ஓட்டோக்காரரிடம்.

அடுத்த நாள் அவருக்குத் தடிமன், தும்மல். அதற்கடுத்த நாள் பரீட்சைத் தாள்கள். பிறகு மழை. போன் எடுத்துக் கதைத்தாலே போதும்தானே என்றும் ஒருநாள் தோன்றியது. அன்றிரவு சரியாகச் சாப்பிட முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவ, “வாங்கோ,” என்று கதிரையை இழுத்துப் போட்டா. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த மன்னிப்பை நான் தொடங்குமுன் அவவே சொன்னா:

“அண்டைக்குக் கரையிலை நீங்கள் என்னைக் காணேல்லைத்தானே மச்சாள். அந்தப் பதட்டத்திலை ஆருக்குக் கண் தெரியும்?”

நான் பார்த்தது அவவுக்குத் தெரியும்.

“ஓம் மச்சாள், காணேல்லை,” என்றேன்.

இப்போது நாங்கள் போய்வருகிறோம். அவர் கடலுக்குப் போகிற நாட்களில் மச்சாள் எனக்குப் போன் எடுத்து, வந்துவிட்டாரா என்று கேட்பா. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிட வாய் வரும். இன்னும் ஏலவில்லை.