வெட்டிப்போட்ட வாழையைப் பார்க்க வந்தவர்

எங்கள் வாழையை வெட்டியவனைப் பற்றி விசாரிக்க ஓர் அரசாங்க அம்மாள் வீடு தேடி வருகிறார் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேரன்மாதேவிப் பக்கம் எங்கள் வயல். அடுத்த வயல்காரன் செந்தில்முருகனுக்கும் என் மகன் சங்கருக்கும் வாய்க்கால் தண்ணீரில் வாய்த்தகராறு. மறுநாள் போய்ப் பார்த்தால், குலை தள்ளி நின்ற வாழை அத்தனையும் தரையில் கிடந்தது. கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். உள்ளே தள்ளுவார்கள் என்று நான் காத்திருக்க, தண்டனையை முடிவு செய்யுமுன் நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தரட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

அப்படி வந்தவர்தான் சண்முகசுந்தரி மேடம். பிறந்தது பாபநாசம், குடியிருப்பது வண்ணார்பேட்டை, ஐம்பதை நெருங்கும் வயது. குற்றவாளி வீட்டுக்குப் போகுமுன் பறிகொடுத்தவன் வீட்டுக்குப் போவது அவர் வழக்கமாம். பஸ்ஸை விட்டிறங்கி வேகாத வெயிலில் நடந்தே வந்தார். என் மனைவி காபி கொடுத்தாள். "கோர்ட்டு உத்தரவு வர்ற வரைக்கும் ரெண்டு வீட்டுலயும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். தப்பா நெனைக்காதீக" என்றார். இது என்ன வீம்பு என்று நினைத்தேன்.

"வயலப் பாக்கணும் அண்ணாச்சி."

கூட்டிக்கொண்டு போனேன். வெட்டுப்பட்ட மரங்கள் விழுந்த இடத்திலேயே காய்ந்து கிடந்தன. நடுவே பக்கக்கன்றுகள் புதராக மண்டியிருந்தன.

"மாசக்கணக்காச்சே, ஏன் இன்னும் அப்படியே கெடக்கு?"

வாழை போட்டவன் யாரும் கேட்கிற கேள்விதான். விழுந்ததைக் கழித்து, ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் திரண்ட கன்று ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டினால் அடுத்த குலைக்கு ஆச்சு. சங்கர்தான் யாரையும் தொட விடவில்லை. தினமும் வந்து பார்ப்பான். கொல்லைச் சுவரில் செருகியிருந்த அரிவாள் போன மாதத்திலிருந்து அவன் பைக்கில் சாக்குப்பைக்குள் இருந்தது. எனக்குத் தெரியும். கேட்கத் தைரியமில்லை. இதையெல்லாம் நான் சொல்லவே இல்லை. ஆனால் அவர் வயலைப் பார்த்தார், வரப்பில் நின்ற சங்கரையும் அவன் பைக்கில் தொங்கிய சாக்குப்பையையும் பார்த்தார், பிறகு என்னிடம் பைய சொன்னார்:

"ஒரு கேஸை விசாரிக்க வந்தேன். இங்கன அடுத்த கேஸுல்லா தயாராவுது."

அவர் போய்ச் சங்கர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, அவனை ஏன் ஜெயிலுக்கு அனுப்பணும்? அவனுக்கு வலிக்கணும்னா? மத்தவன் பயப்படணும்னா? மறுபடி வெட்டாம அடைச்சு வைக்கணும்னா? இல்ல, திருந்தணும்னா?"

"வலிக்கணும்" என்றான் சங்கர்.

"அது தப்புன்னு நான் சொல்லல. எம்புட்டு வலிச்சாப் போதும்?"

அவன் வரப்பு மண்ணைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தான்.

"கோர்ட்டு இவ்வளவுதான்னு ஒரு எல்லை போட்டுரும். உங்க கோவத்துக்கு எல்லை எங்கன இருக்கு? சரி, அவன் ஜெயிலுக்குப் போனா அதைப் பாத்துப் பயந்து நீங்க சும்மா இருந்துருவீகளா?"

"மாட்டேன்."

"மாட்டீகல்லா? அதையும் நான் யோசிக்கணும்."

யோசித்து அவர் எழுதியது இது: முதல் குற்றம், சிறை வேண்டாம், நஷ்டஈடு கொடுத்து, கண்காணிப்பில் இருக்கட்டும், வெட்டிய வயலை அவன் கையாலேயே கழித்துக் கொடுக்கட்டும். சிறைதான் வேண்டும் என்று நாங்கள் கேட்டதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதியிருந்தார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். "என் வயலில் அவன் கால் வைக்கவா?" என்று சங்கர் குதித்தான். "நீங்களும் கூட நில்லுங்க. நானும் வாரேன்" என்றார் மேடம்.

சொன்னபடி வந்தார். செந்தில்முருகன் அரிவாளோடு வயலில் இறங்கினான். சங்கர் வரப்பில் நின்றான், அவன் கையிலும் அரிவாள். இரண்டு பேருக்கும் நடுவில் இந்த அம்மாள் ஒரு குடையோடு உட்கார்ந்திருக்கிறார்! செந்தில்முருகன் தலை நிமிராமல், அவமானத்தில் கண்மண் தெரியாமல் வீசிக்கொண்டே போனான். நல்ல கன்று எது, கழிக்க வேண்டியது எது என்று பார்க்கவில்லை.

சங்கர் அரிவாளோடு கீழே பாய்ந்தான்.

"ஏலே, நிறுத்துலே! அந்தக் கன்னை வெட்டிராத!"

செந்தில்முருகன் உறைந்து நின்றான். சங்கர் அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்து, சுற்றியிருந்த சோனிக் கன்றுகளை வெட்டி எறிந்து, திரண்ட ஒன்றை மட்டும் நிறுத்தினான். "இப்படி. ஒவ்வொண்ணுலயும் இப்படித்தான். வா" என்றான்.

மேடம் எழுந்து குடையை மடக்கினார். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாம் தடவைதான் அது மடங்கியது. பயந்துகொண்டேதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் மகராசி.

"அண்ணாச்சி, இப்ப அந்தக் காபியக் குடிக்கலாம்லா?"

சாயங்காலம் சங்கர் வந்து, அரிவாளைப் பழையபடி கொல்லைச் சுவரில் செருகிவிட்டுக் குளிக்கப் போனான். நான் போய் எடுத்துப் பார்த்தேன். அதில் வாழைக்கறை மட்டும்தான் இருந்தது.