கேட்டில் மாட்டிக்கொண்ட மெஷின்

நான் முதன்முதலாகப் பேசிய மேடை, தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் கேட். காலை ஆறு மணி. மைக் கிடையாது, நடுவர் கிடையாது, செக்யூரிட்டி ஆபீசர் ஒருவர்தான் இருந்தார். இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது எட்டாம் வகுப்பு. மாவட்டத்தில் இருக்கிற ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு மட்டும் என்று திருவள்ளூரில் ஒரு போட்டி வைத்தார்கள். ஓவியம், கட்டுரை, பாட்டு, பறை, வினாடி வினா, அறிவியல் மாதிரி என்று எல்லாமும் உண்டு. அதற்குமுன் நாங்கள் போன போட்டிகளில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஷூவும் டையுமாக வந்து பரிசுகளை அள்ளிக்கொண்டு போவார்கள். நாங்கள் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, கலந்துகொண்டதற்கான சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவோம். இது எங்களுக்கான போட்டி என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. அறிவியலில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களைச் சென்னையில் பத்து நாள் முகாமுக்கு அழைத்துப் போவார்களாம். எனக்கு அந்தப் பத்து நாள் வேண்டும். வேறு எதையும் அந்த வயதில் நான் அப்படி ஆசைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

என் மாதிரி, உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் மெஷின். மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக மாற்றுகிறார்கள் என்று டீச்சர் சொன்னதிலிருந்து வந்த யோசனை. செய்தது பெரும்பாலும் சித்தப்பா. யாரோ தூக்கிப்போட்ட ஆர்.ஓ. மெஷினிலிருந்து பில்டரும் மோட்டாரும் கழற்றி, பேட்டரி வைத்து, ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தார். அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அதனால் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது முதல் பேச்சு ஒத்திகை பார்த்தது வரை எல்லாம் சித்தப்பாதான். ஒத்திகையில் நான் எப்போதும் ஒரே தப்பைச் செய்வேன். பயத்தில் வணக்கத்தையும் பள்ளிக்கூடப் பெயரையும் விட்டுவிட்டு நேராக உப்புக்குப் போய்விடுவேன். பெயர், வகுப்பு, பள்ளி இதெல்லாம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதற்கு ஐந்து மதிப்பெண் என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் மோட்டார் நின்றுவிட்டது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து போய்விட்டது. சித்தப்பா பலகையை அரிசிப் பையில் போட்டுக் கட்டினார்.

"அழுவாத பாப்பா. எனக்கு நைட் ஷிப்ட்டுதான். மெயின்டெனன்ஸ்ல சால்டரிங் வச்சிக்கினு கீறாங்க. ஒட்டி எட்தாந்துடறேன். காலைல நீ கேட்டாண்ட வந்துடு, அப்படியே பைக்ல திருவள்ளூர் போய்க்கலாம்."

ஆறு வருஷமாக அந்தக் கம்பெனியில் இருப்பவர், அவசரத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். வெளியிலிருந்து எதைக் கொண்டுபோனாலும் கேட்டில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதாமல் உள்ளே போன பொருள் வெளியே வரும்போது கம்பெனிப் பொருள் ஆகிவிடும். அதை எடுத்து வருகிறவர் திருடர் ஆகிவிடுவார். போன மாதம்தான் டிபன் பாக்ஸில் நான்கு போல்ட் வைத்திருந்த ஒருவருக்கு வேலை போயிருந்தது.

காலையில் அம்மா என்னை யூனிபாரத்தோடு கேட்டில் இறக்கிவிட்டு, அதே ஷேர் ஆட்டோவில் தன் வேலைக்குப் போய்விட்டாள். நைட் ஷிப்ட் ஆட்கள் வரிசையாக நின்று டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் வரிசைக்கு வெளியே, காலடியில் அரிசிப் பையோடு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மோட்டாரு, புது வொயரு, எல்லாம் உன்னுதா? நோட்ல எங்கய்யா என்ட்ரி?" என்றார் ஆபீசர்.

"பாப்பா ஸ்கூல் போட்டிக்கு சார். இதோ, அவளே வந்துட்டா."

"யூனிபாரம் போட்டுக்கினு யாரு வேணா வரலாம். மேனேஜர் எட்டரைக்கு வருவாரு, அவராண்ட பேசிக்கோ."

எட்டரை என்றதும் எனக்கு அழுகை முட்டியது. பத்து மணிக்குள் திருவள்ளூரில் பெயர் பதிய வேண்டும். டீச்சருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வரிசையில் யாரோ, "வுடு சார், கொயந்த பாவம்" என்றார். ஆபீசர் என்னைப் பார்த்தார். உண்மையில் அவர் மோசமானவர் இல்லை, தூக்கம் கெட்ட மனிதர்.

"சரி. உன்னுதுன்னா நீயே சொல்லு. இது இன்னா, எப்டி வேலை செய்யுது?"

"கடல் நீரில் உப்பு..." என்று ஆரம்பித்தேன். உப்புக்கு அடுத்து என்ன என்று மறந்துபோனது. மறுபடி உப்பு என்றேன். மூன்றாம் முறையும் உப்பிலேயே நின்றேன்.

"நல்லா சொல்லிக்குடுத்து இட்டாந்துகீற" என்றார் ஆபீசர், சித்தப்பாவிடம்.

சித்தப்பா என் பக்கம் குனிந்தார். "நடுவுலேர்ந்து ஆரம்பிக்காத பாப்பா. மொதல்லேர்ந்து சொல்லு." வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஸ்கூல் பேரு சேத்து சொல்லு. சத்தமா."

நான் கைகட்டி நின்று, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, எட்டாம் வகுப்பு என்று சொல்லி, "அரசு ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளி" என்று ஊர்ப் பெயரோடு முழுதாகச் சொன்னேன். அவ்வளவுதான், மீதி எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. வரிசையில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. என் குரலில் அசந்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினேன்.

பையிலிருந்த உப்புத் தண்ணீர் பாட்டிலை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ஓடியது! வடிந்து வந்த தண்ணீரை ஆபீசர் பாட்டில் மூடியில் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

"இன்னாம்மா, இன்னும் கரிக்குது?"

"மொத்த உப்பும் போகாது சார். சின்ன மோட்டார். அவ்ளோதான் தள்ளும்."

அவர் சிரித்துவிட்டார். "பொய் சொல்லல" என்று சொல்லி, நோட்டைச் சித்தப்பா பக்கம் திருப்பி வைத்தார். சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

வரிசையில் சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் நின்றிருந்தார். போன் படத்தில் பார்த்திருக்கிறேன். இருவரும் தினமும் ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிடுகிறவர்கள். அவருக்கும் சேர்த்துத்தான் அம்மா சாதம் கட்டுவாள். அவர் தன் வீட்டு மாங்காய் ஊறுகாயை எனக்கென்று டப்பா மூடியில் வைத்து அனுப்புவார். எனக்கு அவர் ஊறுகாய் மாமா. அன்று அவர் எங்களைத் தாண்டிப் போய்க் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். கையாட்டவில்லை. சித்தப்பாவும் கூப்பிடவில்லை.

ஊத்துக்கோட்டையில் நாஷ்டாவுக்கு நிறுத்தினோம். நான் ஐந்து இட்லி சாப்பிட்டேன், சித்தப்பா ஒன்றைப் பிட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதே முக்காலுக்குத் திருவள்ளூரில் பெயர் பதிந்தோம். அந்த மண்டபத்தில் எந்தப் பிள்ளை மேடையேறினாலும் என் பள்ளிக்கூடப் பெயரையே சொல்லி ஆரம்பித்தது, ஊர் மட்டும் வேறு. கேட்கக் கேட்க எனக்குப் பயமே போய்விட்டது. இரண்டாம் பரிசு! பத்து நாள் முகாம் உறுதி. பைக்கில் திரும்பும்போது சித்தப்பாவின் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னால், எந்தத் தெரு என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. சித்தப்பா கம்பெனியில் எல்லோரிடமும் பஜார் பக்கம் வீடு என்று சொல்லி வைத்திருந்தார். எங்கள் ஊர் கம்பெனியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆறு வருஷத்தில் ஒரு சிநேகிதரும் வந்ததில்லை. தூரம் என்பார், நானும் தூரம்தான் என்று நம்பினேன். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அடுத்த வாரமே கம்பெனி கேன்டீனில் சித்தப்பாவின் சாப்பாட்டு மேஜையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார்கள் என்பதும் அப்படித் தெரிந்ததே.

அப்போது எனக்குத் தெரிந்தது போட்டி முடிந்து வந்த திங்கட்கிழமை நடந்தது மட்டும். சித்தப்பாவுக்கு அன்று பகல் ஷிப்ட். அம்மா தலைவலி என்று வேலைக்குப் போகவில்லை, ஆனால் தலைவலிக்காரி மாதிரி படுக்கவும் இல்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டதும் ஓடினாள். சித்தப்பா வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே டப்பாவைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை. மூடியில் ஊறுகாய் இருந்தது.

"பக்கத்துல வந்து குந்திக்கினான் அண்ணி" என்றார் சித்தப்பா. "மொத வாய் நம்ம டப்பாலேர்ந்துதான் எட்தான். ஆறு வருசமா பக்கத்து ஊர்ல இருந்துக்கினு ஒரு நாளாவது ஊட்டுக்குக் கூப்ட்டியாடான்னு ஒரே திட்டு. ஞாயித்துக்கெயம வரானாம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சித்தப்பா குடத்தைச் சாய்த்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

எனக்குக் கோபமாக வந்தது. என் சான்றிதழ் இரண்டு நாளாகச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கூட இவர்கள் இப்படிச் சிரிக்கவில்லை. ஒரு ஊறுகாய்க்கு இவ்வளவா என்று, மூடியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து, யாருக்கும் மிச்சம் வைக்காமல் நானே நக்கித் தீர்த்தேன்.