விளிம்பு வரை ஊற்றிய கிண்ணம்

சல்கினாய் தேநீர் ஊற்றும்போது அவளுடைய இடது கை சும்மா இருக்காது. வலது கையில் கெண்டி இருக்கும். இடது உள்ளங்கை வலது முழங்கைக்கு அடியில் போய்த் தாங்கிக்கொள்ளும். முதலில் வருவதைக் கிண்ணத்தில் ஊற்றி, அப்படியே கெண்டிக்குள் திருப்பிக் கொட்டுவாள். மூன்று தரம் இப்படி. அதற்கப்புறம்தான் விருந்தாளிக்கு. அதுவும் ஒரு வாய்க்கு மேல் இருக்காது. கிண்ணத்தின் அடியில் வரைந்திருக்கும் நீலப் பூ முழுகினால் போதும். அதற்குமேல் கொஞ்சம் விழுந்துவிட்டாலும் அவள் முகம் சுருங்கிவிடும். பிடியில்லாத அந்தச் சின்னக் கிண்ணத்தில் எங்கேயாவது உடைசல் இருந்தால், அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் நீட்டுவாள். குடித்து முடித்தால் மறுபடி ஒரு வாய். அதுவும் முடிந்தால் இன்னொரு வாய். கொஞ்சமாக ஊற்றினால் 'இருங்கள், எழுந்துவிடாதீர்கள்' என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்'. நடை பழகும் வயதிலேயே பழகிவிடுகிற விஷயம் இது. யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

கால் நூற்றாண்டாக அவள் ரயில் பெட்டி அட்டெண்டர். தலைநகர் பிஷ்கெக்கில் கிளம்பி, பூம் கணவாய் வழியாக ஏரிக்கரையில் இருக்கும் பாலிக்சிக்குப் போகும் கோடை ரயில் அவளுடையது. பெட்டியின் கோடியில் நிற்கும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது, படுக்கை விரிப்பு கொடுப்பது, குடித்துவிட்டு ஏறுகிறவனை ஒரு பார்வையில் உட்கார வைப்பது எல்லாம் அவள் வேலை. ஏரியில் ஆட்கள் குளிக்கிற வரைக்கும் வண்டி ஓடும். செப்டம்பரில் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் வண்டியும் நின்றுவிடும். குளிர்காலம் முழுக்க டோர்டோய் சந்தையில் வேறொருத்தியின் கடையில் நின்று கம்பளிக் காலுறை விற்பாள். புருஷன் கசானுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி அவள் பேசினால் போன வருஷத்து மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும்.

மகள் மீரிம் மாஸ்கோவில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டுகிறாள். குளிர் தொடங்கியதும் போன் வந்துவிடும். "காலுறை வித்தது போதும்மா, இங்க வந்துடு. ரூம்ல நாங்க மூணு பேரு, நாலாவதா நீ." சல்கினாய் ஒவ்வொரு வருஷமும் தட்டிக்கழித்தாள். இந்த வருஷம் முடியவில்லை. நிரந்தர வேலை எதுவும் அமையாவிட்டால் இலையுதிர் காலத்தில் கிளம்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த நாளிலிருந்து அந்த நாலாவது கட்டில் அவள் கண்ணில் நின்றது. எழுந்தால் யார் தலையிலாவது இடிக்கும் கட்டில்.

அப்போதுதான் சொகுசுப் படுக்கை ரயில் வந்தது. புதிய பெட்டிகள் என்று செய்தித்தாளில் போட்டார்கள். சல்கினாய் ஏறிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள், அவளுடைய பழைய பெட்டிதான். சுவருக்கு வாதுமைப் பலகை, தரைக்குக் கம்பளம், ஒவ்வொரு அறைக்கும் குளியல் குழாய். கழிவறைக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் இப்போதும் தாழ் விழுந்தது.

பணிமனையில் ஆளாளுக்குக் கேலி பேசினார்கள். நாட்டில் இருக்கும் தண்டவாளமே கொஞ்சம். ஏரிக்கு ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இதில் எங்கே தூங்குவது?

"பல்லு வெளக்கறதுக்குள்ள ஊரு வந்துடுமே," என்றாள் பழைய கூட்டாளி ஒருத்தி.

"அதுக்குத்தான் கணவாய் நடுவுல காரா-தாலாவுல ராத்திரி பூரா நிறுத்திப் போடப் போறாங்களாம்," என்றாள் சல்கினாய்.

"அப்ப படுக்கறது யாரு, ஆளா வண்டியா?"

காரா-தாலாவில் சரக்கு வண்டிகூட நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு குடிசை, ஒரு பக்கத் தண்டவாளம், ஆறு. இப்போது பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடித்தார்கள்.

புது வண்டிக்குக் குளிர்காலத்திலும் பயணிகள் வருவார்கள், ஆகவே ஆண்டு முழுவதும் வேலை. முதல் ஓட்டத்துக்கு எட்டு அட்டெண்டர்களை எடுத்தார்கள்; அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு நாலு பேரை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். பொறுக்குகிற பொறுப்பு பெகாயிமுக்கு. முப்பது வயது, துபாயில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். கெட்டவள் இல்லை. அவளுக்கும் மேலே வெளிநாட்டுப் பயண நிறுவனத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் அதே ஓட்டம்தான் பரீட்சை. தலைக்குக் கட்டும் துணி கூடாது, கையுறை போட வேண்டும், வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாரம் பழக்கினாள். சல்கினாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஜூன் கடைசியில், மதியத்துக்கு மேல், வாத்தியக் கோஷ்டியும் பேச்சுகளுமாக வண்டி கிளம்பியது. பயண முகவர்கள், பத்திரிகைக்காரர்கள், அமைச்சக ஆட்கள். சல்கினாயின் பெட்டியில் ஒரு ஜெர்மன் தம்பதியும், கடைசி அறையில் ஷைலோ தாத்தாவும் இருந்தார்கள். ஷைலோ தாத்தா இல்லாமல் நாட்டில் பாலம் திறப்பதில்லை, பள்ளிக்கூடம் திறப்பதில்லை. அவர் இரண்டு கையையும் ஏந்தி ஆசி சொல்லி, கூட்டம் முகத்தைத் தடவிக்கொண்டால்தான் எதுவும் தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் காலை ஏரிக்கரை நிலையத்தில், புகைப்படக்காரர்கள் முன்னால், அவர் இந்த வண்டிக்கு ஆசி சொல்வதாக ஏற்பாடு.

தேநீர் நேரம் வந்தது. சல்கினாய் ஜெர்மன் தம்பதிக்கு ஒரு வாய் ஊற்றினாள். அந்த அம்மாள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய் ஊற்றினாள். அவள் கணவர் பெகாயிமைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். பெகாயிம் சிரித்தபடி பதில் சொன்னாள். நடைபாதைக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, என்னக்கா இது? உங்க நாட்டுல தேயிலைக்குத் தட்டுப்பாடான்னு கேக்கறார் அந்த ஆளு."

"ரெண்டு தரம் ஊத்தினேனே கண்ணு. இன்னும் ஊத்துவேன்."

"இருபது தரம் ஊத்தினாலும் அவருக்கு அது தொண்டை நனைக்கற தண்ணிதான். கிண்ணம் நிறைய ஊத்துங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆள் பாத்து ஊத்தற வேலையே வேணாம். இன்னொரு கிண்ணம் குறைஞ்சுதுன்னு வைங்க, காரா-தாலாவுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"அங்க ஓநாய்தான் இருக்கும்."

"அதுக்கும் நிறைய ஊத்துங்க."

சல்கினாய் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கெண்டியோடு கடைசி அறைக்கு நடந்தாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இருந்தாலும் பெகாயிம் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஷைலோ தாத்தா போனில் பேசிக்கொண்டிருந்தார். "ம்... எந்தப் பக்கம்?... சரி சரி. ம்." போனை உள்பையில் போட்டுவிட்டு ஜன்னல் வழியே மேலே பார்த்தார். சல்கினாய் கெண்டியைச் சாய்த்தாள். நீலப் பூ முழுகியது. கை தானாக நிமிரப் பார்த்தது. அவள் நாலாவது கட்டிலை நினைத்துக்கொண்டாள். மறுபடி சாய்த்தாள். கிண்ணத்தின் பாதி, முக்கால், கடைசியில் விளிம்பு.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். விரலில் கொஞ்சம் சிந்தியது. முழுவதையும் குடித்தார், மீசையைத் துடைத்தார், "நல்லா இரு மகளே" என்றார். வண்டி வேகம் குறைந்து காரா-தாலாவில் நின்றதும், கொக்கியில் மாட்டியிருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பெகாயிம் வந்தாள். "தாத்தா எங்க?"

"இறங்கிட்டார்."

"எதுக்கு?"

சல்கினாய் கிண்ணத்தைக் காட்டினாள். விளிம்பை ஒட்டித் தேயிலைத் துணுக்கு ஒன்று இருந்தது. பெகாயிம் அதைப் பார்த்தாள், அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவருக்குமா நிறைய ஊத்துனீங்க?"

"எல்லாருக்கும்னு சொன்னியே."

"வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும்னு அர்த்தம்க்கா! எங்க அப்பாவுக்கு நான் இப்படி ஊத்தினா கிண்ணத்தோட என் மூஞ்சியில விட்டெறிவார்."

"ஆள் பாத்து ஊத்தாதேன்னும் சொன்னியே."

"சொன்னேன். ஆமா, சொன்னேன்." அவள் நெற்றியை அழுத்திக்கொண்டாள். "நாளைக்கு ஏரியில யாரு ஆசி சொல்லுவா? நானா? உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு."

பெகாயிமின் உத்தரவு தன்னைக் காப்பாற்றாது என்று சல்கினாய்க்குத் தெரிந்திருந்தது. அர்த்தம் தெரிந்தேதான் ஊற்றினாள். வேலைக்குப் பயந்து ஊற்றினாள். கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கெண்டியில் புதிதாகத் தேயிலை போட்டுக் கொதிநீர் பிடித்தாள். ஒரு துணியில் கொஞ்சம் ரொட்டியை முடிந்துகொண்டு, தன் பழைய கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

குடிசைக்குப் பின்னால் ஒரு லாரி நின்றது. பின்பக்கம் இரண்டு கவைக்கோல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் முப்பது வயசுக்காரன் ஒருத்தன், இன்ஜினை அணைக்காமல் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். ஷைலோ தாத்தா லாரியின் பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தார். கெண்டியோடு ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்து நின்றார்.

"தாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. அது என் மனசு ஊத்தினது இல்ல."

"எது?" என்றார் அவர்.

பெரிய மனுஷன், தன்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கத் தெரியாத மாதிரி கேட்கிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குடிசை வாசலில் கிடந்த மரக்கட்டையில் துணியை விரித்து ரொட்டியை வைத்தாள். மூன்று தரம் ஊற்றித் திருப்பினாள். நீலப் பூ முழுக ஒரு வாய். அவர் ஒருமுறை லாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

"எந்த ஊர்ப் பொண்ணு நீ?"

"பாலிக்சி தாத்தா."

"மீன் வாசம் அடிக்கலையே."

"இருபத்தஞ்சு வருஷமா கரி வாசம்தான். இப்ப சென்ட்டு தெளிக்கச் சொல்லியிருக்காங்க."

"அதான் ஈ எல்லாம் உன்னையே சுத்துது."

இன்னொரு வாய் ஊற்றினாள். லாரியின் ஹாரன் ஒருமுறை அடித்தது. தாத்தா பார்க்காமலே கையை உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் நின்றது. அவள் கரிப்பெட்டியைப் பற்றிச் சொன்னாள், காலுறைக் கடையைப் பற்றிச் சொன்னாள், மீரிமின் அறையைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஊற்றினாள். அவர் குடித்து முடித்து முழங்காலில் கை ஊன்றும்போதெல்லாம் கிண்ணத்தில் அடுத்த வாய் இருந்தது. அவரும் கையை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

இதற்குள் வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கி வரத் தொடங்கியிருந்தார்கள். பெகாயிம் உயரச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டு நிறையக் கிண்ணங்களோடு புல்லில் வந்து உட்கார்ந்தாள். கெண்டியை வாங்கி ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினாள். ஜெர்மன்காரர் பக்கத்தில் குந்தினார். பெகாயிம் அவருக்கு ஏதோ விளக்கினாள். அவர் "ஓ!" என்றார். பிறகு கிண்ணத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்.

மேற்கே மலை உச்சி கறுத்தது. ஷைலோ தாத்தா அதைப் பார்த்தார், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கயே இருக்கீங்க. நாளைக்கு எதுக்குத் தள்ளிப் போடணும்? இப்பவே சொல்லிடறேன்."

இரண்டு கையையும் ஏந்தினார். "வழி திறந்து கிடக்கட்டும். ஏறினவன் எறங்கட்டும், எறங்கினவன் வீடு போய்ச் சேரட்டும். தண்டவாளம் குட்டையா இருந்தாலும் விருந்து நீளமா இருக்கட்டும். கெண்டி காலியாகாம இருக்கட்டும். ஓமின்."

"ஓமின்" என்று எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜெர்மன்காரரும் தடவிக்கொண்டார். அதே நேரம் முதல் மழைத்துளிகள் விழுந்தன. அமைச்சக ஆட்கள் கைதட்டினார்கள். ஆசி சொல்லும்போது மழை வந்தால் அதைவிட நல்ல சகுனம் ஏது? தாத்தா முகத்தை நிமிர்த்தி மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

வெள்ளைத் தொப்பியும், ஏந்திய கைகளும், பின்னால் வண்டியும், மழையும் இருந்த அந்தப் படம்தான் ரயிலின் விளம்பரம் ஆனது. அந்த வண்டி இன்றும் காரா-தாலாவில் நிற்கும்போது விருந்தாளிகளைக் கீழே இறக்கிப் புல்லில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு வாயாக ஊற்றுகிறார்கள்; வெளிநாட்டு நிறுவனம் அதை நிகழ்ச்சியாகவே அச்சடித்துவிட்டது. சல்கினாய் நிரந்தரமானாள். மாஸ்கோவுக்குப் போகவில்லை. குளிர்காலத்தில் மீரிம் பத்து நாள் விடுமுறையில் வந்து அம்மாவின் பெட்டியில் பயணம் செய்தாள். நாலாவது கட்டிலுக்கு வேறு பெண் வந்துவிட்டாள் என்று சொன்னாள். "நல்லதாப் போச்சு" என்றாள் சல்கினாய். புதிதாகச் சேரும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பாள்: "என் தேநீரால கோவிச்சுக்கிட்டுப் போன மனுஷனை, என் தேநீராலயே உக்கார வெச்சேன்."

லாரியில் இருந்தவன் ஷைலோ தாத்தாவின் பேரன்; பயஸ்தான் என்று பெயர். அடுத்த வசந்தத்தில் அவன் சொல்லித்தான் மற்றவர்களுக்கு மீதி தெரிந்தது. தாத்தா கோபித்துக்கொண்டு இறங்கவில்லை. கிண்ணத்தில் எவ்வளவு இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லையாம். கணவாய்க்கு மேலே இருக்கும் அவர்கள் மேட்டில் அறுத்துப் போட்ட புல் காய்ந்து கிடந்தது. மேற்கே மேகம் ஏறுகிறது என்று பயஸ்தான்தான் ரயிலில் இருந்த தாத்தாவுக்குப் போன் செய்திருக்கிறான். மழைக்கு முன்னால் கவைக்கோலால் புல்லை வாரிப் போர் போட்டுவிட்டு, விடியற்காலை லாரியிலேயே ஏரிக்கு வந்து ஆசி சொல்லிக்கொள்ளலாம் என்பது தாத்தாவின் திட்டம். ஆனால் ஒரு பெண் கலங்கிய கண்ணோடு ஒரு வாய் ஒரு வாயாக ஊற்றிக்கொண்டே இருக்கும்போது எப்படி எழுந்திருப்பது? அந்த வருஷத்துப் புல் மொத்தமும் நனைந்து அழுகிப் போயிற்று. சல்கினாயிடம் இதை யாரும் சொல்லக்கூடாது என்று தாத்தா வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.