மூணாம் சேனல்

போன தடவை அமெரிக்காவுல இருந்து வந்தப்போ என் மக எனக்குன்னு வாங்கிட்டு வந்தது ஒரு கேமரா. சட்டை இல்லை, சாக்லேட் இல்லை, கேமரா. ஸ்ரீரங்கத்துல எங்க ஃப்ளாட்டு ஹாலுல, சாமி அலமாரிக்கு மேல அதை மாட்டினா. "அம்மா போனதுக்கு அப்புறம் நீங்க ஒத்தையா இருக்கீங்க. நான் அங்கிருந்து உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்பா"ன்னு சொன்னா. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டா. "படம் ஒழுங்கா வர்ற வரைக்கும் நீங்க இங்கேயே இருங்க. படம் நின்னு நின்னு வந்துச்சுன்னா எனக்கு அங்கே உசுரு போயிடும். வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது."

சரின்னேன். வேற என்னத்தைச் சொல்றது? அவ ஊருல ஒரு தடவை போய் இருந்திருக்கேன். ஜன்னலைத் திறந்தா வெறும் புல்லு. இங்கேயும் என்கிட்ட யாரும் பேசறதில்லை, அது வேற விஷயம். ஆனா இங்கே பேசாம இருக்கிறது என் வீட்டுல பேசாம இருக்கிறது. இங்கே இருந்து என்னைக் கிளப்பினா நான் தாங்க மாட்டேன்.

கேமரா பகல் பூரா சமர்த்தா ஓடும். விளக்கு வைக்கிற நேரம் ஆச்சோ, போச்சு. அப்பதான் கட்டடத்துல எல்லாரும் வீடு திரும்பி, டிவியையும் போனையும் திறப்பாங்க. மகளுக்கோ அங்கே அது ஆபீஸ் கிளம்பற நேரம். கிளம்பறதுக்கு முன்னாடி அப்பா முகத்தைப் பார்க்கலாம்னு திறப்பா, படம் அப்படியே உறைஞ்சு நிக்கும். உடனே போன் வந்துடும்.

"அப்பா! என்ன ஆச்சு? விழுந்து கிழுந்து வெச்சீங்களா?"

"சோபாவுல உட்கார்ந்திருக்கேன்."

"கையை ஆட்டுங்க பார்ப்போம்."

"படமே வரலைங்கிற. கையை ஆட்டி என்ன, காலை ஆட்டி என்ன?"

திட்டிக்கிட்டேதான் ஆரம்பிப்பா. அப்புறம் காபி குடிச்சுக்கிட்டே மேலதிகாரியைப் பத்தி, வாடகையைப் பத்தி, அம்மா வத்தக்குழம்புக்கு வெந்தயத்தை எப்பப் போடுவாங்கறதைப் பத்தி எல்லாம் பேசுவா. கடைசியா கார் சாவியை எடுக்கிற சத்தம் கேட்கும், போனை வெச்சுடுவா.

ஒருநாள் அப்படித் திட்டறப்போ, "இந்த மாசம் பார்ப்பேன். சரியாகலைன்னா உங்களுக்கு டிக்கெட் போட்டுடுவேன்"ன்னா. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. திருவெறும்பூர் பக்கம் பெரிய ஃபேக்டரியில, தலைக்கு மேல கிரேன் ஓடற இரும்பு ஷெட்டுக்குள்ள எல்லாம் வைஃபை ஓட வெச்சவன் நான். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதுதான் என் பொழப்பு. என் வீட்டு ஹாலுல ஒரு கேமராவை ஓட வைக்க முடியலைன்னா மானக்கேடு இல்லையா?

போனுல சிக்னல் பார்க்கிற ஆப்பைத் திறந்தேன். அடப்பாவிகளா! சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எல்லா கண்டக்டரும் ஒரே நேரத்துல ஊர் பேரைக் கத்தற மாதிரி இருந்துச்சு. என் கேமரா மலிவு சரக்கு, அதுக்குப் பழைய அலைவரிசை ஒண்ணுதான் தெரியும். அந்த அலைவரிசையில ஒண்ணை ஒண்ணு இடிக்காம மூணு சேனல்தான் உண்டு. ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. எங்க கட்டடத்துல பாதி வீடு ஆறாம் சேனல்லயே மொய்க்குது. மீதிப் பேரு மூணு, நாலு, எட்டுன்னு நடுவுல எங்கெங்கேயோ நிக்கறாங்க. நடுவுல நிக்கறவன் ரெண்டு பக்கமும் இடிச்சு எல்லாரையும் கெடுப்பான்.

அதோட போச்சா? என் ரவுட்டருக்குள்ள போய் யார் யார் இணைஞ்சிருக்காங்கன்னு பார்த்தா என் போன், கேமரா, ஒரு டிவி. என் வீட்டுல டிவியே கிடையாது. என் சம்சாரம் போன கையோட தூக்கிக் கொடுத்துட்டேன். அப்ப யாரோ என் இணைப்புக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு டிவி பார்க்கறாங்க. என் ஹாலைக் காட்டற கேமராவும் அதே இணைப்புலதான் இருக்கு. கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கூடவே, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. வீட்டுக்குள்ள இன்னொரு ஆள் இருந்திருக்கே!

சிக்னல் பலத்தை வெச்சுப் பார்த்தா அது மேல் வீடு. போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு மாமியை லிஃப்ட்டுல பார்த்துத் தலையாட்டியிருக்கேன், அவ்வளவுதான். டிவியோட செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னேன். என் வீட்டு வைஃபை பேர் பளிச்சுன்னு நின்னுச்சு.

"ஐயையோ! நான் எங்காத்து பாஸ்வேர்டைத்தானே போட்டேன்! பேரை மாத்தி அமுக்கிட்டேனோ என்னமோ, அது திறந்துண்டுடுத்தே!"

"என்ன பாஸ்வேர்டு மாமி?"

மாமி குரலைத் தாழ்த்தினாங்க. "வெளில சொல்லப்படாது சார்."

"ரங்கா நூத்தியெட்டா?"

மாமி வாயைப் பொத்திக்கிட்டாங்க. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? என் வீட்டுதும் அதுதானே. வைஃபை வந்த அன்னைக்கு என் சம்சாரம் வெச்சது. "நூத்தியெட்டு திவ்யதேசத்துல முதல்ல நிக்கறது நம்ம ஊரு. பெருமாள் பேரைப் போட்டா ஒரு பய உள்ளே வர மாட்டான்"ன்னா. ஃபேக்டரியில பாஸ்வேர்டு சரியில்லைன்னு பெரிய பெரிய ஆபீசரையே கடிச்சுக் குதறினவன், வீட்டுல வாயைத் திறக்கலை. அவகிட்ட யாரு பேசி ஜெயிக்கறது?

அடுத்தடுத்த சாயங்காலம் வீடு வீடா ஏறி இறங்கினேன். சொன்னா நம்ப மாட்டீங்க, முக்கால்வாசி வீட்டுல ரங்கா நூத்தியெட்டு. மத்தவங்க ரங்காவுக்குப் பதிலா தாயார் பேரைப் போட்டிருந்தாங்க, நூத்தியெட்டு மட்டும் மாறலை. கீழ் வீட்டு அர்ச்சகர் ஒத்துக்கவே இல்லை.

"திருநாமத்தை எடுக்கறது அபசாரம் ஸ்வாமி."

"பெருமாளைக் கொண்டுபோய் ரவுட்டர் வாசல்ல வாட்ச்மேனா நிறுத்தறது அபசாரம் இல்லையா?"

அவர் சிரிச்சுட்டார். நீளமா, யாரும் யூகிக்க முடியாத பாஸ்வேர்டா மாத்தினோம். எந்த வீட்டுக்கு எந்த சேனல்னு நானே பிரிச்சேன். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு ஒரே எண் வராம, மேலேயும் கீழேயும் இடிக்காம வெச்சேன். "இனிமே யாராவது மூணுலயோ நாலுலயோ வெச்சீங்கன்னா நேரா வந்து கத்துவேன்"னு மிரட்டியும் வெச்சேன். ஒவ்வொரு வீட்டுலயும் காபி கொடுத்தாங்க. ரொம்ப காலத்துக்கு அப்புறம் பேசிப் பேசி தொண்டை கட்டிக்கிச்சு.

என் வீட்டு பாஸ்வேர்டையும் மாத்தினேன். என் சம்சாரம் பாசுரம் கேட்டுக்கிட்டிருந்த டேப்லெட் அலமாரியில கிடக்குது. அதுல மட்டும் புதுசைப் போடலை. போட்டு யாருக்கு?

வேலை முடிஞ்சது, கதவுகளும் சாத்திக்கிச்சு. யாரையும் குத்தம் சொல்லலை. எல்லாருக்கும் படம் நல்லா வருது, அப்புறம் நான் எதுக்கு? மறுபடியும் லிஃப்ட்டுல தலையாட்டல்தான்.

கேமரா அதுக்கப்புறம் ஒரு நாளும் நிக்கலை. முதல் சாயங்காலம் மகளே போன் பண்ணி, "சூப்பர்பா! டிவி மாதிரி தெரியுது. இனிமே நீங்க அங்கேயே இருங்க, எனக்குக் கவலை இல்லை"ன்னா. ஜெயிச்சுட்டோம்னு தனியாவே கேசரி கிண்டித் தின்னேன். அடுத்த நாள் போன் வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. வாட்ஸ்அப்புல ஒரு கட்டைவிரல் மட்டும் வந்துச்சு.

அந்தக் கேமராவுல, யாராவது பார்த்தா ஒரு பச்சை விளக்கு எரியும். சாயங்காலம் ஆனா தலை வாரி, நல்ல சட்டை போட்டு சோபாவுல உட்காருவேன். பச்சை எரியும். நிமிர்ந்து உட்காருவேன். அணைஞ்சுடும். அப்பா உசுரோட இருக்கார், பார்த்தாச்சு, ஆபீஸுக்குக் கிளம்பலாம். அவ மேல தப்பு இல்லை. அவ கேட்டதைத்தான் நான் செஞ்சு கொடுத்தேன். பூட்டு மேல பூட்டு போட்டு, ஈ காக்கா உள்ளே வராம, ஒரு இரைச்சல் இல்லாம பண்ணிட்டேன்.

ஒருநாள் காந்தி மார்க்கெட் போனப்போ நாவல்பழம் குவிச்சு வெச்சிருந்தாங்க. மகளுக்கு அதுன்னா உசுரு. ஸ்கூல் படிக்கறப்போ நாக்கு ஊதாவா ஆகிற வரைக்கும் தின்னுட்டு, கண்ணாடி முன்னாடி நீட்டி நீட்டிப் பார்ப்பா. கை நிறைய வாங்கிட்டு வந்து, கழுவி, தட்டுல வெச்சுக் காத்திருந்தேன். பச்சை எரிஞ்சது. தட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒரு பழத்தை மென்னு, இந்த வயசுல, கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டினேன். விளக்கு அணைஞ்சது. போனுல கட்டைவிரல் வந்துச்சு. திறந்து மூடினாளே தவிர, அவ என்னைப் பார்க்கவே இல்லை.

ரொம்ப வலிச்சது. தட்டைக் கீழே வெச்சுட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

மறுநாள் அவ பார்க்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, என் ரவுட்டரை மூணாம் சேனலுக்கு மாத்தினேன். யாரும் போகக் கூடாதுன்னு கட்டடம் பூரா கத்தினேனே, அதே மூணு. மேல் வீட்டு மாமிக்கு சீரியல் நிக்கும். நிக்கட்டும், ஒரு நாள்தானே. டிக்கெட் போடுவேன்னு அவ சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. போட்டா போடட்டும், அதைச் சொல்லவாவது போன் பண்ணுவா இல்லையா?

பச்சை விளக்கு எரிஞ்சது, அணைஞ்சது, மறுபடி எரிஞ்சது. போன் அடிச்சது.

"அப்பா! படம் நின்னுடுச்சு! என்ன ஆச்சு? நல்லா இருக்கீங்களா?"

வழக்கம் போல ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். முடியலை.

"ஒண்ணும் ஆகலை. நான்தான் நிறுத்தினேன்."

"நீங்களா? எதுக்குப்பா?"

"பார்த்தது போதும்மா. பேசு."

போனைக் காதுல அழுத்திக்கிட்டேன். அப்புறம் கார் சாவியைத் திரும்ப மேஜை மேல வைக்கிற சத்தம் கேட்டுச்சு. நாற்காலியை இழுத்தா.

"இன்னைக்கு என்னப்பா சமைச்சீங்க?"

"ரசம். உப்பு ஜாஸ்தியாயிடுச்சு"ன்னேன்.