கைராசிக்காரன் போட்ட கம்பி

எங்கள் ஊரில் எலக்ட்ரீஷியன்கள் மூன்று பேர். ஒருவர் நன்றாகப் படித்தவர். இன்னொருவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருபவர். நான் இரண்டும் இல்லை. ஆனால் கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தவன். பழைய வீடுகளில் அடிக்கடி ஃபியூஸ் போகும். நான் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனால் அதற்குப் பிறகு போகாது. மோட்டார், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் போகாது. "மாஸ்டர் தொட்டுட்டார்ல, இனி கவலை இல்ல" என்று ஜனங்கள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த வித்தையை இப்போது சொல்லிவிடுகிறேன். ஃபியூஸில் மெல்லிய கம்பிதான் போட வேண்டும். வீட்டில் மின்சாரப் பாரம் கூடினால் அது உருகி அறுந்து, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றும். அறுந்து போவதற்காகவே போடுகிற கம்பி அது. நான் அந்த இடத்தில் செம்புக் கம்பியை நாலு இழையாக முறுக்கிப் போட்டுவிடுவேன். அப்புறம் அது எங்கே அறுந்து போகும்? தொழிற்பயிற்சியில் முதல் மாதமே இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் மணிமணியான கையெழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒழுங்காக மெல்லிய கம்பிதான் போட்டேன். ஒரே வீட்டில் வாரத்துக்கு நாலு தடவை ஃபியூஸ் போய், "இவன் கையே சரியில்ல" என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது தடவை முறுக்கிப் போட்டேன். அன்றைக்குப் பிறந்தது என் கைராசி.

அதை ஊர் முழுக்கப் பரப்பியவள் என் அக்கா. எனக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறாள். "என் தம்பி போட்டா போட்டதுதான்" என்று அவள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தாள். என் கம்பி இருக்கிற நாற்பத்துச் சொச்சம் வீடுகளில் பாதி அவள் பிடித்துக் கொடுத்தவை.

போன மாதம் தையல்காரர் வீட்டில் ஃபேன் மாட்டப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அவர் மனைவி, "மாஸ்டர், மூணு நாளா ஒரே மீன் நாத்தம். பூனை எதையோ கொண்டாந்து பீரோவுக்குப் பின்னாடி போட்டிருக்கு. நகர்த்த ஒரு கை பிடிங்க" என்றார். பிடித்தேன். பின்னால் மீனும் இல்லை, பூனையும் இல்லை. என் ஃபியூஸ் பெட்டிதான் இருந்தது. அதைச் சுற்றிச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. மெயினை அணைத்துத் திறந்தேன். வயர்களின் மேலுறை பொரிந்து கருகி, தொட்டால் உதிர்ந்தது. நாற்றம் அதிலிருந்துதான். நடுவில் நான் முறுக்கிய கம்பி மட்டும் போட்ட அன்றிருந்த மினுமினுப்போடு இருந்தது. ஒரு சாண் தள்ளி, தைக்கக் கொடுத்த திரைச்சீலைகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். "எல்லாம் கருகியும் உங்க கம்பி எப்படி நிக்குது பாருங்க மாஸ்டர்!" என்று பாராட்டினார். என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. "வயர் பழசு" என்று மென்று முழுங்கினேன். இரண்டு நாள் இருந்து எல்லா வயரையும் மாற்றிக் கொடுத்தேன்.

மற்ற வீடுகளுக்கும் போய் மாற்றியாக வேண்டும். போனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கைராசி காற்றில் பறந்துவிடும். அதனால் கேள்வி கேட்காத வீடாகப் பார்த்து ஆரம்பித்தேன். அக்காவிடம், "புது மாடல் வந்திருக்குக்கா, உனக்குத்தான் முதல்ல" என்று பெரிய மனுஷன் போல அளந்துவிட்டு, பழைய பெட்டியைக் கழற்றி, எங்காவது மின்சாரம் கசிந்தால் தானாக இறங்கி அதைத் துண்டித்துவிடும் ட்ரிப் சுவிட்சை மாட்டினேன். அடுத்த வீட்டை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நாலாம் நாள் போன் வந்தது.

"என்னடா வச்சிட்டுப் போன? ஹீட்டர் போட்டா மொத்த வீடும் இருட்டாயிடுது. மூணு நாள்ல ஏழு தடவ! குழந்தையக் குளிப்பாட்ட சுடுதண்ணி இல்ல. உன் தம்பிக்குக் கைராசி போயிடுச்சான்னு எதிர்வீட்டுக்காரி கேட்டுட்டுப் போறா."

அக்கா மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அடுத்த நிமிடமே ஓடினேன். குளியலறையில் வெந்நீர்க் குழாயின் மேல் ஒரு துண்டு தொங்கியது.

"இது எதுக்கு?"

"குழாயைத் திறந்து மூடத்தான். வெறுங்கையால தொட்டா சுருக்குன்னு குத்தும்ல."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். தண்ணி அவ்வளவு சூடு" என்றாள்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஹீட்டருக்குள் சுருள் வெடித்து, மின்சாரம் தண்ணீரிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பியைத் தேடினேன். மடித்துப் பின்னால் செருகியிருந்தது. எட்டவில்லை என்று அப்படிச் செருகியவனும் நான்தான். ட்ரிப் சுவிட்ச் ஏழு தடவையும் நியாயமாகத்தான் இறங்கியிருக்கிறது.

"இந்தப் புது மாடலெல்லாம் வேண்டாம்டா. பழைய மாதிரியே போட்டுக் குடு. அதுதான் நல்லாருந்துச்சு" என்றாள் அக்கா.

அவள் எது கேட்டும் நான் இல்லை என்றதில்லை. அன்றைக்கு முதல்முறையாக, "முடியாதுக்கா" என்றேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஃபியூஸ், முறுக்குக் கம்பி, தையல்காரர் வீடு, எர்த் கம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசலிலிருந்து நகர்ந்து போனாள்.

அக்கா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படிக்காத அவள் நம்பியிருப்பாள். "தெரியும்க்கா. எல்லாரும் கைராசி, கைராசின்னீங்க. அது நல்லாருந்துச்சு" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நான்தானேடா வீடு வீடாப் போய்ச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். "எங்கக்கா?" என்றேன். "பைய எடு. நீ தனியாப் போனா ரெண்டாவது வீட்லயே பல்ல இளிச்சிட்டுத் திரும்பிடுவ."

என்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல எண்ணம். நான் முதல் வீட்டிலேயே இளித்தேன். எதிர்வீட்டுக்காரி, "மாஸ்டரே போட்டதாச்சே, நல்லாத்தான ஓடுது. எதுக்குப் பிரிக்கணும்?" என்றாள். வழக்கம்போல உச்சி குளிர்ந்தது. "அப்போ சரிம்மா" என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

அக்கா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பையைக் கீழே வைத்தேன்.

"மாஸ்டர் போட்டதுனாலதாம்மா பிரிக்கணும்" என்றேன்.